கை மேலே, கால் அசையாமல்: பயிற்சியாளர் வேர்னர் ஹாஸ்லிங் அவர்களுக்கு

நெடிய உடலும் குறுகிய பேச்சும் கொண்டவரே! ஜேர்மனியில் பந்தெறிந்து, கனடாவில் பந்து பொறுக்கி, எங்கள் பிள்ளைகளின் பின்னால் ஏழு பனிக்காலம் நொண்டி நொண்டி ஓடியவரே! உடைந்த முழங்காலுக்கும் உடையாத பிடிவாதத்துக்கும் உரியவரே! எங்கள் வேர்னர் அண்ணையே!

வணக்கம்.

இந்த மடலில் உங்களைப் புகழ்வதுதான் முறை. புகழ்வோம். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இன்று இந்த மண்டபத்தில் பலூன் கட்டியிருக்கிறது, மேசை நிறையப் பலகாரம் இருக்கிறது. ஆனால் இங்கே கூடியிருப்பவர்கள் மகிழ்ச்சியாக வரவில்லை. பயந்துபோய் வந்திருக்கிறோம். உங்கள் ஓய்வு பற்றிய அறிவித்தலை இந்தச் சமூக நிலையத்தின் கதவில் ஒட்டிய நாளிலிருந்து இந்தப் பயம் எங்களோடு வேலைக்கு வருகிறது, வேலையால் வீட்டுக்கு வருகிறது. அதை மறைத்துக்கொண்டு உங்களுக்கு மாலை போட எங்களுக்கு மனமில்லை.

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அது தெரிந்தும் தமிழில் எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டுத் தருகிறோம். நீங்களும் அதைச் சுவரில் மாட்டத்தான் போகிறீர்கள். வாசிக்கும்போது எங்களில் ஒருவரான பஸ்ரியன் உங்கள் பக்கத்திலிருந்து ஜேர்மன் மொழியில் காதுக்குள் சொல்வார். கனடாவுக்கு வருமுன் அவர் நான்கு வருடம் ஜேர்மனியில் அகதிகள் விடுதியில் இருந்தவர். உருளைக்கிழங்கு உரிக்கவும் பொலிசுக்குப் பதில் சொல்லவும் தேவையான ஜேர்மன் அவரிடம் உண்டு. பாராட்டு மடலுக்கு அது காணாது. "நான் பாதியை விட்டிட்டுத்தான் சொல்லுவன், பிறகு ஒருத்தரும் என்னோட கோவிக்கக் கூடாது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். விடுபடும் பாதி இங்கே இருக்கும் எங்களுக்கு.

ஆட்டக்காரரே!

மைன் ஆற்றங்கரையில், தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் நாற்றத்துக்குள் பிறந்தவர் நீங்கள். யுத்தம் முடிந்தபோது உங்கள் பள்ளிக்கூடத்தில் பாதிதான் மிச்சம். அந்தப் பாதிச் சுவரில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஓர் இரும்பு வளையத்தை அடித்துக் கூடைப்பந்து விளையாடினார்கள். அவர்கள் போன பிறகும் வளையம் இருந்தது. நீங்கள் அதன் கீழே வளர்ந்தீர்கள், இரண்டு மீற்றரையும் தாண்டி வளர்ந்தீர்கள். பகலில் தோல் சுமந்து, மாலையில் உங்கள் நகரக் கழகத்துக்காக விளையாடினீர்கள். பந்து விளையாடினால் சம்பளம் கிடைக்கும் என்று அப்போது உங்கள் நகரத்தில் எவரும் கனவிலும் நினைக்கவில்லை. ஒரே ஒரு முறை தேசிய அணிக்கும் தெரிவானீர்கள். எப்படி விளையாடினீர்கள் என்று எங்கள் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

"மைதான ஓரத்துக் கதிரையில் இருந்தேன்" என்றீர்கள். "நல்ல கதிரை. முழு ஆட்டமும் வடிவாகத் தெரிந்தது."

உங்களிடம் நாங்கள் கண்ட ஒரே பெருமிதம் அதுதான்.

பிறகு முழங்கால் போயிற்று. ஓர் ஆட்டத்தில் இன்னொருவர் உங்கள் காலின் மேல் விழுந்து எழும்பியபோது உங்களால் எழும்ப முடியவில்லை. முப்பது வயதாகுமுன் ஆட்டம் முடிந்தது. உங்கள் துணைவியார் மார்த்தாவோடு ரொறொன்ரோவுக்கு வந்தீர்கள். ஒரு தொழிற்சாலையில் இரும்பு கடைந்தீர்கள். அது மூடப்பட்டதும் இந்த நிலையத்தில் விளையாட்டு மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தீர்கள். அப்படித்தான் எங்கள் சக தொழிலாளி ஆனீர்கள். நாங்கள் பின்னேரமும் இரவும் இங்கே நிலம் துடைப்பவர்கள். துடைத்த நிலத்தில் ஈரம் காயுமுன் பிள்ளைகளை நடக்கவிடாத ஒரே பயிற்சியாளர் நீங்கள். அதற்காக மட்டுமே ஒரு மடல் எழுதலாம்.

பயிற்சியாளரே!

1991இல் எங்கள் பிள்ளைகள் மண்டபத்துக்கு வெளியே, குளிருக்கு ஒதுங்கி, சும்மா நின்றார்கள். நீங்கள் கதவைத் திறந்து, "உள்ளே நின்றால் என்ன?" என்று கேட்டீர்கள். அணி தொடங்கியது அவ்வளவில்தான். அடுத்த சனிக்கிழமை அவர்களின் கையில் பந்து இருந்தது.

நாங்கள் உங்களை நம்பவில்லை. அதையும் சொல்லவேண்டும். தாய்மாரில் ஒருவரான பாலேஸ்வரி இந்த மண்டபத்துக்குள்ளேயே, நீங்கள் பக்கத்தில் நிற்கும்போதே, உங்களுக்கு விளங்காது என்ற துணிவில் சத்தமாகச் சொன்னார்: "உந்த நெட்டையன் ஏன் சும்மா நிண்டு எங்கட பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறான்? உதுக்குள்ள ஏதோ இருக்கு."

"இருக்கட்டும் அக்கா" என்றார் இரத்தினவேல். "பிளாசாவில நிக்கிறதை விட நெட்டையனோட நிக்கிறது நல்லது."

அந்தப் பிளாசாவைப் பற்றி வெளியில் இருந்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அது பக்கத்துக் கடைத்தொகுதி; அங்கே ஒரு டோனட் கடை இருக்கிறது. பிள்ளைகள் பின்னேரத்தில் அதன் வாசலில் கூடுவார்கள். முதலில் பகிடி, பிறகு வாய்த்தர்க்கம், பிறகு யாரோ ஒருவனின் கையில் கத்தி, அதற்குப் பிறகு வேறு ஆயுதம். அந்த வருடங்களில் இறந்துபோன பிள்ளைகளின் பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை. அவர்களின் தாய்மார் இருவர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். நாங்கள் வேலைக்குப் புறப்படும் நேரமும் பிள்ளைகள் தெருவில் இறங்கும் நேரமும் ஒன்று. எங்களில் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களை மேற்பார்வையாளர் பெயர் சொல்லி, தொலைபேசி வந்திருக்கிறது என்று கூப்பிட்டால், போய் எடுக்குமுன்பே பிள்ளையின் பெயர்தான் வாயில் வரும். நீங்கள் சனிக்கிழமைகளில் பிள்ளைகளை உள்ளே வைத்திருந்தீர்கள். அந்த நேரத்தில் மட்டும் எங்களால் மூச்சு விட முடிந்தது.

முதல் ஆட்டம் 1993 இலையுதிர் காலத்தில். எதிரணி பந்தோடு வந்தது. நீங்கள் ஓரத்தில் நின்று, உலகத்தில் எல்லாப் பயிற்சியாளர்களும் கத்துவதைக் கத்தினீர்கள்: "ஹான்ட்ஸ் அப்!" கையைத் தூக்கி மறித்துப் பிடியுங்கள் என்று பொருள்.

எங்கள் பிள்ளைகள் ஐந்து பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். கைகள் தலைக்கு மேலே. கண்கள் நிலத்தில். ஒருவனும் அசையவில்லை. எதிரணிப் பையன் அவர்களைச் சுற்றி நடந்துபோய்ப் பந்தைக் கூடைக்குள் வைத்துவிட்டு வந்தான். மண்டபம் சிரித்தது. எங்களில் எவருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல்லை எங்கள் பிள்ளைகள் முதலில் கேட்டது பந்து விளையாடும்போது அல்ல. யாழ்ப்பாணத்துச் சோதனைச் சாவடிகளில் கேட்டவர்கள். சொன்னவுடன் கையைத் தூக்கி, நிலத்தைப் பார்த்து, கல்லாக நின்றபடியால்தான் உயிரோடு இங்கே வந்து சேர்ந்தவர்கள்.

உடை மாற்றும் அறையில் நீங்கள் காரணம் கேட்டீர்கள். எங்கள் பிள்ளைகளில் ராகுலன்தான் சொன்னான். நீங்கள் மரவாங்கில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "நானும் அப்படி நின்றிருக்கிறேன், யுத்தத்தின் கடைசியில். பன்னிரண்டு வயது. நிலவறையிலிருந்து வெளியே வந்தபோது" என்றீர்கள். மீதிக் கதையை இன்றுவரை சொல்லவில்லை.

அந்தப் பனிக்காலம் முழுவதும் அவர்களுக்கு அந்த உறைதலை மறக்கப் பழக்கினீர்கள். கை மேலே போனால் கால் ஓட வேண்டும். கை மேலே, இரண்டு அடி பக்கவாட்டில் வழுக்கு! தண்ணீர் குடிக்கும்போது, சப்பாத்துக் கட்டும்போது, உங்கள் பழைய வான் வண்டியில் ஏறும்போது, எதிர்பாராத நேரத்தில் "ஹான்ட்ஸ் அப்!" என்று கத்துவீர்கள். கையைத் தூக்கிக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கத்தில் ஓடுவார்கள். பஸ் தரிப்பிடத்தில்கூடத் தங்களுக்குள் கத்தி விளையாடினார்கள். கடைசியாகப் பழகியவன் புனிதவதியின் மகன் பிரியந்தன். அவன்தான் மற்றவர்களை விட அதிக நேரம் உறைந்து நிற்பவன். பழகிய பிறகு அவனைப் போல வேகமாகக் கால் வைக்க ஒருவனும் இல்லை. அடுத்த வருடம் நீங்கள் வெற்றிக் கிண்ணத்தோடு நின்ற படம் அதோ சுவரில் இருக்கிறது. பிரியந்தன் உங்கள் முழங்கைக்குக் கீழே நின்று சிரிக்கிறான்.

எங்கள் காவலரே!

1996 மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. பயிற்சி முடிந்து வெளிச்சம் மங்குகிற நேரம். அந்தக் கிழமை பிளாசாவில் துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. பிள்ளைகள் தொப்பியைத் தலைக்கு இழுத்துவிட்டு, உங்கள் வான் வண்டிக்குப் பக்கத்தில் குளிரில் துள்ளிக்கொண்டு நின்றார்கள். நாங்கள் மூன்று பேர் வேலைக்கு வந்து, வாசலில் உப்புத் தூவிக்கொண்டிருந்தோம். பொலிஸ் கார் ஒன்று விளக்கில்லாமல் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். அவர்களும் இளம் வயது. அவர்களும் பயந்திருந்தார்கள். அது குரலில் தெரிந்தது.

"ஹான்ட்ஸ் அப்!"

எல்லாக் கைகளும் மேலே போயின. பிரியந்தனின் கைகளும் போயின. அவனுடைய கால்களும் போயின. இரண்டு அடி, பக்கவாட்டில், நீங்கள் பழக்கியபடியே, அழகாக. துப்பாக்கி அவனோடு சேர்ந்து திரும்பியது. "டோன்ட் மூவ்!" என்று கத்தினார்கள். கத்தக் கத்த அவன் மற்றப் பக்கம் வழுக்கினான். அவனுடைய மூளை அங்கே இல்லை. அவனை அசைத்தது அவனுடைய கால்கள்தான்.

நாங்கள் உப்பு வாளியோடு நின்றோம். எங்கள் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஒருவர் கத்தியிருந்தாலும் போதும், துப்பாக்கி வெடித்திருக்கும் என்று பின்னால் யோசித்தோம். அப்போது அப்படி யோசித்து நிற்கவில்லை. வெறும் பயத்தில் நின்றோம்.

நீங்கள் பந்துப் பையோடு கதவால் வெளியே வந்தீர்கள். ஓடவில்லை, கூப்பிடவில்லை. கழுத்தில் கிடந்த விசிலை வாயில் வைத்து ஊதினீர்கள். ஒரே ஒரு நீளமான ஊதல். விசில் கேட்டால் ஆட்டம் நிற்கும். பிரியந்தன் நின்றான். பந்துப் பை விழ, பந்துகள் வாகனத் தரிப்பிடம் முழுவதும் உருண்டன. நீங்கள் இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு, மடிய மாட்டாத அந்த முழங்காலை மடித்து, ஐஸில் மண்டியிட்டீர்கள். அதைப் பார்த்துப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக மண்டியிட்டார்கள்.

அவர்கள் தேடிவந்தவன் எங்கள் பிள்ளைகளில் ஒருவனும் இல்லை. விசாரித்தார்கள், மன்னிப்புச் சொன்னார்கள், போனார்கள். உங்களால் எழும்ப முடியவில்லை. ராகுலனும் பிரியந்தனும் கமக்கட்டுக்குள் கை கொடுத்துத் தூக்கினார்கள். "கோச், ஆர் யூ ஓகே?" என்று பிரியந்தன் கேட்டான். நீங்கள் அவனுடைய சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

அடுத்த சனிக்கிழமை நீங்கள் வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. புனிதவதி பஸ்ரியனைக் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தார். அங்கே நடந்ததைப் பஸ்ரியன்தான் எங்களுக்குச் சொன்னார். நீங்கள் சமையலறையில் இருந்து, "அந்தக் கால்களை அவனுக்குக் கொடுத்தது நான். சும்மா விட்டிருந்தால் அவன் உறைந்து நின்றிருப்பான். நான் அவனைக் கொல்லப் பார்த்தேன்" என்றீர்களாம்.

புனிதவதி தேத்தண்ணியை வாயில் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாராம். பிறகு பஸ்ரியனிடம், "தம்பி, இதை அப்படியே சொல்லு, உன்ர பாட்டுக்கு ஒண்டும் சேர்க்காதை" என்று தொடங்கினாராம்.

"ஓடப் பழக்கினனீங்கள். சரி. இப்ப நிக்கவும் பழக்குங்கோ. வேற ஆர் பழக்குறது? எனக்கு இங்கிலீசும் தெரியாது, உந்த ஊர்ப் பொலிசையும் தெரியாது. பிழை விட்டனெண்டு போட்டு வீட்டுக்குள்ள குந்திக்கொண்டு இருந்தால் என்ர பிள்ளை ரோட்டில என்ன செய்யிறது?"

வேர்னர் அண்ணை, உங்களை வாழ்க்கையில் எவரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறோம். அடுத்த சனிக்கிழமை வந்தீர்கள்.

அன்றிலிருந்து மைதானத்தில் அந்தச் சொல்லை நீங்கள் உச்சரித்ததில்லை. மறிப்பதற்கு வேறொரு சொல் கேட்டீர்கள். "வேலி எண்டு கத்துங்கோ கோச்" என்றான் ராகுலன். "வேலி அடைச்சா ஒருத்தனும் உள்ளுக்க வர ஏலாது." நீங்கள் "வேலீ! வேலீ!" என்று கத்துவதை எதிரணிகள் ஏதோ ஜேர்மன் தந்திரம் என்று நினைத்துக் குழம்பின. பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடம் பந்தைப் பையில் போட்டுக் கட்டிவிட்டு, வேறொரு பாடம் நடத்தினீர்கள். கை மேலே, கால் அசையாமல். சட்டைப்பைக்குள் கை போகக் கூடாது. ஓடக் கூடாது, சிரிக்கக் கூடாது, கேட்டதற்கு மட்டும் மெதுவாகப் பதில். எங்கள் பிள்ளைகள் ஊரிலிருந்து கொண்டுவந்ததை ஒருமுறை அழித்தீர்கள், பிறகு அதையே திரும்பக் கற்றுக்கொடுத்தீர்கள். அது உங்களுக்கு எவ்வளவு கசந்தது என்பதை உங்கள் முகத்தில் கண்டோம். ஒரு சனிக்கிழமைகூட விடாமல் செய்தீர்கள்.

இனி அந்தப் பத்து நிமிடத்தை யார் செய்வது? எங்கள் பயம் இதுதான்.

உங்கள் இடத்துக்குக் கல்லூரியில் படித்த ஓர் இளம்பெண் வருகிறார். நல்ல பிள்ளை. பந்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாததும் அவருக்குத் தெரிந்திருக்கலாம். கடைசிப் பத்து நிமிடத்தைப் பற்றி இரத்தினவேல் அவரிடம் சொன்னார். "அது எதற்கு?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. இந்த நகரத்தில் இருபத்து நான்கு வருடம் வாழ்ந்த ஒருவருக்கு அது தேவைப்படாமல் இருந்திருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பிறகு எங்களுக்குச் சரியான நித்திரை இல்லை.

நீங்கள் போகாமல் இருந்தால் நல்லது என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதத் தொடங்கினோம். அது உண்மை. முதலில் எழுதிய தாளில் அப்படித்தான் இருந்தது. பிறகு மார்த்தா அம்மையார் புனிதவதியிடம் பேசினார். போன வருடமே நீங்கள் ஓய்வு பெற்றிருக்க வேண்டும், அதைத் தள்ளிப் போட்டீர்கள் என்று சொன்னார். பிள்ளைகள் மீதுள்ள பாசத்தால்தானே என்று புனிதவதி கேட்டாராம். இல்லை, பயத்தால் என்றாராம் அவர். சாப்பிடும்போது தெருவில் சைரன் கேட்டால் கரண்டியை வைத்துவிட்டு எழும்பி நிற்கிறீர்களாம். செய்தித்தாளில் முதலில் தேடுவது எங்கள் பெயர்களைத்தானாம்.

அதைக் கேட்டபின் அந்தத் தாளைக் கிழித்தோம். எங்கள் பயத்தை நீங்களும் சுமக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியாது. எங்களுடையதை நாங்கள் வைத்திருக்கலாம். உங்களிடம் அதை விட்டு வைப்பது நியாயமில்லை.

போன சனிக்கிழமை, அன்று மட்டும் நீங்கள் வைத்தியரிடம் போயிருந்த நேரத்தில், அந்தப் பத்து நிமிடத்தை நாங்களே நடத்திப் பார்த்தோம். உங்களுக்கு அது தெரியாது. எங்களோடு நிலம் துடைக்கும் எட்வேட் பொலிஸ்காரராக நின்றார். அவருடைய வயிற்றைப் பார்த்ததும் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். "அங்கிள், யூ காண்ட் ஈவன் ரன்" என்றான் ஒருவன். பாலேஸ்வரிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "கையைத் தூக்கடா எருமை! பல்லைக் காட்டாதை! செத்தாப் பிறகு சிரிக்கலாம்!" என்று கத்தினார். அதற்கும் சிரித்தார்கள். எங்கள் கைவிட்டுப் போயிற்று என்றே நினைத்தோம்.

அப்போது பிரியந்தன் வரிசைக்கு முன்னால் வந்தான். இப்போது அவன் பதினெட்டு வயது ஆம்பிளை. "நான் அண்டைக்கு அசைஞ்சனான்" என்றான். அவ்வளவுதான். சிரிப்பு நின்றது. எட்வேட் திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். பிள்ளைகள் கையை உயர்த்தி, கால் அசையாமல் நின்றார்கள். தாய்மார் அந்தக் காட்சியைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பார்க்கத்தான் வேண்டும் என்று பாலேஸ்வரி சொன்னதும் திரும்பிப் பார்த்தார்கள்.

நாங்கள் அதைச் சரியாகச் செய்யவில்லை. இரண்டு பிள்ளைகள் பிழையாகச் செய்தார்கள், நாங்கள் அதைக் கவனிக்கத் தவறினோம், ராகுலன்தான் திருத்தினான். அடுத்த கிழமையும் செய்வோம். வேலைக்குப் போகுமுன் முறை வைத்து, இரண்டு பேர் வாகனத் தரிப்பிடத்தில் கடைசிப் பிள்ளை வண்டி ஏறும்வரை நிற்போம். புதிய பயிற்சியாளரையும் பக்கத்தில் இருந்து பார்க்கச் சொல்லியிருக்கிறோம். வருவேன் என்றிருக்கிறார்.

பெரியவரே!

பீற்றர்பரோவுக்கு அப்பால் ஏரிக்கரையில் வீடு வாங்கியிருக்கிறீர்களாம். அங்கே மார்த்தா அம்மையாரோடு நீண்ட காலம் நலமாக இருங்கள். முழங்காலுக்கு வெயில் படட்டும். செய்தித்தாளில் மீன்பிடிப் பக்கத்தை மட்டும் வாசியுங்கள். இங்கே ஏதாவது நடந்தால் நாங்களே தொலைபேசியில் சொல்வோம், மறைக்க மாட்டோம். எங்களிடமிருந்து அழைப்பு வராத நாட்களில் ஒன்றும் நடக்கவில்லை என்று நம்புங்கள்.

பயம் தெளிந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டோம். பயந்துகொண்டே செய்வோம். நீங்களும் அப்படித்தான் செய்தீர்கள் என்று இப்போது தெரியும்.

பஸ்ரியன், இந்த வரியை மட்டும் விடாமல் சொல்ல வேண்டும்:

வேர்னர் அண்ணை, நீங்கள் போகலாம்.

இங்ஙனம்,
உங்களோடு நிலம் துடைத்த பின்னேர, இரவு வேலைக்காரரும்
சனிக்கிழமைப் பந்து அணியின் பெற்றோரும்

ஸ்காபரோ, ரொறொன்ரோ
ஆனி 1998